சுடலைராஜ் போட்ட பூட்டு

அடுத்தவர் வேலையில் குறை சொல்கிறவன் இல்லை நான், ஐயா. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஜெயசிங் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

துறைமுகத்துக்கு வெளியே உள்ள அந்தத் தனியார் கன்டெய்னர் யார்டுக்கு, கிரேன் சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் வேலை. கிரேனுக்கு அடியில் ஆள் நுழைந்தால் அதைப் பூட்டி நிறுத்தும் பகுதியை எழுதியவன் சுடலைராஜ். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். எனக்கு வரவேண்டிய டீம் லீடர் பதவி அவனுக்குப் போயிருந்தது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவன் எழுதியதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது நான். பூட்டை உருவாக்கும் வரியில், பெயருக்குப் பின்னால் ஒரு வெற்று அடைப்புக்குறி போட்டிருந்தான். அப்படிப் போட்டால் பூட்டு உருவாகாது. அந்தப் பெயரில் எங்கோ ஒரு ஃபங்ஷன் இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, பிழை எதுவும் காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். சி++ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது சறுக்குகிற இடம். பார்த்ததுமே தெரிந்தது. 'சரி' என்று போட்டேன். சோதனையில் நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும், அதற்கு மேல் எண்ணமில்லை.

சோதனையன்று அவனே கிரேனுக்கு அடியில் நடந்தான். ஆபரேட்டர் நல்லக்கண்ணுவுக்கு முப்பது வருடப் பழக்கம். ஆளைக் கண்டதும் கை தானாக பிரேக்கைப் போட்டுவிட்டது. பூட்டுதான் நிறுத்தியது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே நீங்க கீழ பாக்கவே வேண்டாம் அண்ணாச்சி. அதுவே நிக்கும்" என்றான் சுடலைராஜ். அவரும் பார்ப்பதை விட்டுவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பிச்சையா செத்துப்போனார். கன்டெய்னர் சீல் பார்க்கிறவர், தருவைகுளத்துக்காரர், இரண்டு பெண்பிள்ளைகள். சுடலைராஜ் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்களும் பாத்தீயள்லா. பூட்டு போட்டிருந்தேன்லா" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "யானைக்கும் அடி சறுக்கும்லே, வெசனப்படாத" என்று நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பாவமாக இருந்தது.

விபத்து நடந்தபோது நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேனா என்று கேட்டீர்கள். இருந்தேன். பிச்சையா உள்ளே நடந்துவருவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. கன்டெய்னர் இறங்க இருபது விநாடி ஆகும். கிரேனை நிறுத்தும் அவசரப் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான். ஆனால் அழுத்தினால், பூட்டு இருக்கும்போது நீ ஏன் அழுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நல்ல பதில் யோசித்து முடிப்பதற்குள், கன்டெய்னர் இறங்கிவிட்டது.