ட்ராம்போனுக்குப் போன நோட்டு

— உன் தங்கச்சி பொண்ணுக்கே மியூசிக் காலேஜ்ல சீட் இல்லைன்னு மார்க் போட எப்படி மச்சான் உனக்குக் கை வந்துச்சு?

— மாப்ளே, திரை போட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் யாரு நின்னு வாசிக்கிறாங்கன்னு நடுவருங்க யாருக்கும் தெரியாது. நம்பர் மட்டும்தான் சொல்லுவாங்க. அதுக்குத்தானே திரையே போடறது.

— ட்ராம்போன் ஊதி ஊதிக் காது அடைச்சுப்போச்சா உனக்கு? அவ முதல்முதலா சாக்ஸபோன் ஊதினதே உன் வீட்டு மாடியிலதான்.

— கேட்டதும் ஒரு ஆள் ஞாபகம் வந்துச்சு. அவ இல்லை. நீ.

— என் பொண்ணு என்னை மாதிரி வாசிச்சா அது குத்தமா?

— வாசிச்சது குத்தமில்லை. வாசிக்காம விட்டதுதான். தேர்வுக்குக் கொடுத்த அந்தப் பாட்டு கடைசியில படிப்படியா இறங்கி, சாக்ஸ்லயே ஆகக் கீழ இருக்கிற ஸ்வரத்துல, அந்த அடி நோட்டுல போய் உட்காரணும். அதுக்காகத்தான் காலேஜ்ல அதையே வெச்சிருக்காங்க. அந்த இடம் வந்ததும் இவ, கிணத்தை எட்டிப் பாத்துட்டுப் பயந்து ஓடியாந்தவ மாதிரி மேல ஏறிட்டா.

— அது நான் பண்ணின அரேஞ்ச்மென்ட். சொந்தமா மாத்திக்கலாம்னு அவங்களேதானே சொன்னாங்க?

— மாத்தலாம். முழுங்கக் கூடாது. ஏன் அப்படி எழுதினே?

— மேல போனா அதுல ஒரு ஏக்கம் இருக்கும். உனக்குப் புரியாது. உனக்கு ஊதத்தான் தெரியும்.

— சரி, ஊதறதைப் பத்தியே பேசுவோம். நம்ம பேண்டுக்கு நீ எழுதற பாட்டுல எல்லாம், சாக்ஸ் கீழ இறங்க வேண்டிய இடம் வந்தா, அந்த நோட்டு என் ட்ராம்போன் தலையில வந்து விழுது. மச்சான் மேல பாசம் பொங்குதுன்னுதான் முதல்ல நினைச்சேன்.

— இப்ப?

— இடது கையைக் காட்டு.

— பாரேன். மடக்கறேன், நீட்டறேன். சட்டை பட்டன் போடறேன். என்ன குறைச்சல்?

— சாக்ஸைக் கையில பிடிச்சுட்டுக் காட்டு.

— வேண்டாம் மச்சான்.

— பிடிடா.

— ...பாத்தாச்சா? போதுமா?

— சுண்டுவிரல் நத்தை மாதிரி உள்ள சுருளுது. வலிக்குதா?

— வலிச்சாத் தேவலையே. மத்த விரலுங்க இருந்த இடத்துலயே அழுத்தினா போதும். இந்தக் குட்டிப்பய மட்டும் தனியா நாலு கீயைப் பாத்துக்கணும், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு வழுக்கிட்டுப் போகணும். அடி நோட்டு அங்கதான் இருக்கு. டாக்டர் சொல்றாரு, விரல்ல கோளாறே இல்லையாம். ஒரே வேலையைச் செஞ்சு செஞ்சு, மூளைக்குள்ள இதுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல இருந்த சுவர் இடிஞ்சுபோச்சாம். சாக்ஸைத் தொட்டாப் போதும், நீட்டுன்னு சொன்னா மடக்குன்னு கேட்குது.

— மருந்து?

— ஊதறதை நிறுத்துன்னாரு. நல்ல மருந்து!

— வீட்டுல சொன்னியா?

— உன் தங்கச்சிக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. வகுப்புல ஊதிக் காட்டாம, போர்டுல எழுதியே ஒப்பேத்தறேன். விரல் வராத வாத்தியார்கிட்ட எவன் பிள்ளையை அனுப்புவான்? பேண்டை நாளைக்கே வேற ஒருத்தன் நடத்துவான்.

— அதுக்காக அவகிட்ட இருந்துமா அந்த நோட்டைப் பிடுங்கினே?

— எழுதிக் கொடுத்தா, 'அப்பா, ஒரு தடவை ஊதிக் காட்டுங்க'ன்னு கேட்பாளே! விடு. வேற யார்கிட்டயாவது கத்துக்கட்டும். அடுத்த வருஷம் வந்து வாசிக்கட்டும்.

— அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதுதான் கடைசி வாய்ப்புன்னு உனக்கே தெரியும்.

— தெரியாத நோட்டுக்கு அவ என்ன பண்ணுவா மச்சான்?

— அவளுக்குத் தெரியும் மாப்ளே. தினமும் என் வீட்டு மாடிக்கு வந்து, அந்தப் பாட்டை அச்சுல இருக்கிற மாதிரியே ஊதறா. கடைசி நோட்டுக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும்.

— அப்புறம் ஏன் இன்னைக்கு...?

— திரையை விலக்கினதும் நானும் அதைத்தான் கேட்டேன். 'அப்பா வெளிய நின்னு கேட்டுட்டு இருக்காரு மாமா. அவரு எழுதாம விட்டதை நான் ஊதினா, ஏன் விட்டாருங்கிறதும், அவரு விரல் விஷயமும் எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும்'னு சொன்னா.