பஞ்சநதம் கொடுத்துவிட்டுப் போனது

– இருங்க சுடர்விழி டாக்டர், மறுபடி சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு மூளையில அந்தக் கசடு இல்லவே இல்லையா?

– நெறைய எடத்துல இல்லைங்க அமிர்தம்மா. அதாவது, இந்த மறதி நோயில மூளைக்குள்ள ஒரு புரதம் கட்டி கட்டியா படியும். அதைத் தின்னு சுத்தம் பண்ண மூளையிலயே செல்லுங்க இருக்கு. நோய் முத்துனா அதுங்க ஓய்ஞ்சுபோயிடும். பஞ்சநதம் ஐயாவுக்கு நாங்க குடுத்த மருந்து அதுங்களைத் தட்டி எழுப்பியிருக்கு.

– அந்தப் பரிசோதனை மருந்தா? அது கேக்கலைன்னுல்ல நெனச்சேன்.

– நாங்களும்தான். அவர் இறந்தப்புறம் மூளையைத் தானமா குடுத்தீங்களே, அதை மைக்ராஸ்கோப்புல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டோம்.

– அப்ப ஏன் கடைசி வரைக்கும் என்னைத் தெரியல? கேளுங்க, கட்டுன பொண்டாட்டியைப் பாத்து, ‘நீங்க சாப்பிட்டீங்களாம்மா’ன்னு மரியாதையா கேப்பாரு.

– அதாவது... அழிஞ்ச ஞாபகம் திரும்ப வராதுங்க. ரொம்பத் தாமதமா ஆரம்பிச்சுட்டோம்.

– பயிரு காஞ்சப்புறம் வாய்க்காலைத் தூர்வாருன மாதிரி.

– ஆமாங்க. அப்படித்தான்.

– குவைத்துலேர்ந்து மகன் இன்னும் சண்டை போடறான், அப்பா தலையை ஏன் அறுக்கக் குடுத்தேன்னு. கேளுங்க, நானா குடுக்கல. நெனவு நல்லா இருந்தப்ப அவரே சொன்னது. நாத்தங்கால்லேர்ந்து வந்து, கை கழுவிக்கிட்டே சொன்னாரு: ‘நான் போனா இந்த மூளையை ஆராய்ச்சி பண்ற டாக்டருங்ககிட்ட குடுத்துடு, யாருக்காவது ஆகும்’னு.

– ஆயிடுச்சுங்க. இனிமே நோய் தொடங்குறப்பவே மருந்து குடுத்துப் பாக்கப்போறோம். அவராலதான். நன்றி சொல்லணும்னு தஞ்சாவூர்லேர்ந்து கெளம்பி வந்துட்டேன். போன்ல சொல்ல மனசு வரல.

– நான்ல சொல்லணும். அவரு பட்ட பாடு வீண்போகலைன்னு வீடு தேடி வந்து சொல்றீங்க. ஆமா, தொடங்கியிருக்குன்னு எப்படிங்க தெரியும்?

– டெஸ்ட் எடுத்தாதான் உறுதியா சொல்லலாம். ஆனா பழகுன வழி திடீர்னு பிடிபடாம போறது, அதுமாதிரி சிலது இருக்கு. ஏங்க கேக்கறீங்க?

– மகன்கிட்ட இன்னும் சொல்லல. போன வாரம் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவுல, நம்ம வீடு எந்தப் பக்கம்னு தெரியாம நின்னுட்டேன். யாருக்காவது ஆகும்னாரே, அது நான்தான் போலருக்கு. என்னை முதல்ல சேத்துக்குங்க டாக்டர்.