மடி ஜலம்

புடலங்கொடிக்கு விடியற்காலையில் தண்ணீர் விடுவதுதான் நல்லது, பஞ்சு. வெயில் ஏறின பிறகு விட்டால் வேர் வெந்துவிடும். தில்லியில் உன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது என்றாயே, அதனால் எழுதுகிறேன். தாதர் ஸ்டேஷனில் நீ கேட்டதற்கும் பதில் பாக்கி. உன் அம்மா கடைசியில் தாகத்தால் தவித்தாளா என்று கேட்டாய். நான் உன் படுக்கையை ஹோல்டாலில் சுருட்டிக் கட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

செம்பூரில் இந்தக் கீழ்வீட்டுக்கு உன் அம்மாவோடு நான் வந்ததே பின்பக்கத்து மண்ணுக்காக. எட்டடிக்குப் பத்தடி. இந்த அறுபத்தாறாம் வருஷம் ஏப்ரலில் யாரும் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. அதை நம்பி விதை ஊன்றினேன். அதற்குப் பிறகு சொட்டு இல்லை. மத்தியானம் வானம் கறுக்கும், நாலு மணிக்கு வெளுத்துவிடும். குழாயில் காலை ஐந்து மணிக்கு வருகிற தண்ணீர் ஒரு குடம் நிறைந்ததும் நின்றுவிடும். காம்பவுண்டுக் கிணறு உப்பு. குளிக்கலாம், குடிக்க முடியாது, செடிக்கும் ஆகாது.

முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன் நான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நான் கயிறு கட்டின பக்கம் திரும்பிய ஒரே ஜீவன் அந்தக் கொடிதான். அதன்மேல் எனக்கு உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உன் அம்மாவின் மடி உனக்குத் தெரியாததல்ல. குடிக்கிற ஜலத்தை அவளே குளித்துவிட்டு ஈரப்புடவையோடு பிடித்து வைப்பாள். வேறு யார் கை பட்டாலும் கொட்டிவிடுவாள். ஜூன் முதல் வாரம் ஜுரத்தில் படுத்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. கிணற்றடியில் குளித்து, ஈரவேஷ்டியோடு ஒரு குடம் பிடித்து அவள் தலைமாட்டில் வைக்க வேண்டும். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி டாக்டரும் சொல்லியிருந்தார்.

முதல் நாள் குடத்தில் பாதி அவளுக்கு, பாதி செடிக்கு. அதில் தவறு இருப்பதாக இன்றும் நான் நினைக்கவில்லை. பிஞ்சு பிடித்திருந்த சமயம். ஒரு வேளை தவறினாலும் உதிர்ந்துவிடும். மறுநாள் முக்கால் குடம் செடிக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் மழை என்று பேப்பரில் போட்டிருந்தான். பெய்தால் அண்டாவையே நிரப்பி அவள் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று இருந்தேன். பெய்யவில்லை. அடுத்த நாளும் அப்படியேதான். வானத்தை நான் என்ன செய்ய முடியும்?

"மௌலி, ஜலம் வந்துதாடா?"

"கொழாய்ல வெறும் காத்துதான் வரது, அக்கா."

நான் சொன்னதை அவள் நம்பினாள். சின்ன வயசிலிருந்தே என்னை நம்புகிறவள்.

மாடி வீட்டு அம்மிணி மாமி வாசல்வரைக்கும் வந்து கேட்டாள்.

"எங்காத்துல ட்ரம் நெறைய ஜலம் இருக்கு. நான் குளிச்சுட்டு மடியா ஒரு செம்பு கொண்டு தரட்டுமா?"

"வேண்டாம் மாமி. என் கையால தவிர அக்கா தொடமாட்டா."

மாமி உள்ளே வந்தால் பின்கதவு வழியாக ஈரப் பாத்தி கண்ணில் பட்டுவிடும். அதனால்தான். மற்றபடி மாமிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் குடம் முழுவதும் பாத்திக்கே போயிற்று. கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து அக்காவின் உதட்டைத் துடைத்துவிட்டேன். உப்புக் கரித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். மத்தியானம் பூராவும் காலிச் செம்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்கதவைச் சாத்திக்கொண்டு பிஞ்சுகளின் நுனியில் கல் கட்டினேன். கல் கட்டாவிட்டால் புடலங்காய் நேராக இறங்காது, சுருண்டுவிடும்.

மறுநாள் போய்விட்டாள். டாக்டர் ஜுரம் என்று எழுதிக் கொடுத்தார். நாலு நாள் கழித்து நீ பார்த்தாயே, அந்த மழை வந்தது. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் இரண்டு தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாயே, அந்தப் புடலங்காய்க் கறி நம் கொடியில் காய்த்ததுதான்.

கடைசி நாள் காலையில் நடந்ததை மட்டும் இன்னும் எழுதவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"மடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்டா. அம்மிணியைக் கூப்பிடு. யார் கையாலயாவது ஒரு வாய் ஜலம் குடு."

நான் மாமியைக் கூப்பிடவில்லை. அன்று குழாயில் ஒன்றரைக் குடம் வந்திருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவ்வளவும் பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தது. தவித்தாள், பஞ்சு. தண்ணீரை வைத்துக்கொண்டு நான் கொடுக்கவில்லை.

ஆனால் நீ நிதானமாக ஒன்று யோசிக்க வேண்டும். நாற்பது வருஷம் கட்டிக்காத்த ஆசாரத்தை அவள் ஜுர வேகத்தில் விட்டுவிடப் பார்த்தாள். நான் விடவில்லை. உன் அம்மா மடியோடுதான் போனாள்.