செவ்வாய், புதன், வெள்ளிகளில் மட்டும் ஏறிய வெயில்

முப்பத்தோராண்டுப் பணியை முடித்து இன்று விடைபெறும் புவியியல் ஆசிரியை அவர்களுக்கு, ஆசிரியர் அறையினர் பன்னிருவரும் தலைகுனிந்து அளிக்கும் மடல்.

வானம் பார்த்து வகுப்பெடுத்த வித்தகரே! வெயிலுக்கும் மழைக்கும் வரலாறு வரைந்த வல்லவரே! ஐந்து நகரங்களின் காற்றை ஒரே சுவரில் கட்டிவைத்த கலைமணியே! காலை எட்டு மணியையும் பகல் இரண்டு மணியையும் கடிகாரத்தினும் கண்டிப்பாய்க் காத்தவரே! வணக்கம்.

இதுவரை கை தங்குதடையின்றி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்! இப்பள்ளியில் ஓய்வு பெறுவோர்க்கெல்லாம் மடல் எழுதுவது தமிழாசிரியன் வேலை. இதற்கு முன் பதினேழு மடல்கள் எழுதியாயிற்று. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்த தையற்காரனைப் போல, பாடத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பண்பின் சிகரம், பணிவின் இமயம் என்று அடுக்கிவிடுவது வழக்கம். தங்களுக்கும் அப்படியே ஒன்றைத் தைத்துச் சட்டமிடக் கொடுத்துவிட்டேன். அதைத் திரும்ப வாங்கி வந்து எழுதியது இது. இதில் யாம் தங்களைப் பாராட்டுவது பாதி, எம்மைச் சொல்லிக்கொள்வது மீதி. பொறுத்தருளிக் கேட்க வேண்டுகிறோம்.

பள்ளியின் வடபுறத்தில், ஆசிரியர் அறைச் சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நான்கு கால்களில் நிற்கும் அந்த வெள்ளைக் கூண்டைத் தாங்கள் நட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் சாய்ந்த பலகைகள், உள்ளே வெப்பமானிகள், அருகில் ஒரு மழைமானி, இவை போதும் என்றீர்கள். கடலோர நகரத்துப் பள்ளி ஒன்று, மலைநகரத்துப் பள்ளி ஒன்று, ஆற்றங்கரை நகரத்தில் ஒன்று, மணல்வெளியை ஒட்டிய நகரத்தில் ஒன்று என நான்கு பள்ளிகளுக்குக் கடிதம் எழுதி நட்பு பிடித்தீர்கள். நாள்தோறும் குறித்த எண்களை மாதந்தோறும் மாற்றிக்கொண்டு, மாடி நடைச்சுவரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிறங்களில் கோடு வரைந்தார்கள். நம் நகரத்துக்குச் சிவப்பு.

"கடலோரத்துக் கோடு மட்டும் ஏன் டீச்சர் எழுந்திரிக்காம படுத்தே கெடக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது தாங்கள் விடை சொல்லவில்லை. ஒரு டம்ளரில் மணலும் ஒரு டம்ளரில் தண்ணீரும் நிரப்பி முற்றத்து வெயிலில் வைக்கச் சொன்னீர்கள். மணல் சுட்டது, தண்ணீர் சுடவில்லை. அந்த வகுப்புக்கு அன்றைய பாடம் அவ்வளவுதான். "நம்ம ஊர் வெயில்தான் வெயில்னு பேசாதீங்க. நாலு ஊர் எண்ணைப் பாத்துட்டு அப்புறம் வாயத் திறங்க" என்பீர்கள். வாயைத் திறக்கும் முன் சரிபார்க்கக் கற்றுத் தந்தவரே! அந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்புப் படித்தது. கீழே இருந்த ஆசிரியர் அறை படிக்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், பழைய மாணவர்கள் சிலர் ஆசிரியர் அறைக்கு ஓர் ஏசி வாங்கித் தந்தார்கள். அதன் வெளிப்பெட்டி, அனலைக் கக்கும் அந்தப் பெட்டி, வடக்குச் சுவரில், தங்கள் கூண்டுக்கு நேரே ஏறி உட்கார்ந்தது. தாங்கள் அப்போது பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தீர்கள். திரும்பி வந்து பார்த்து, கோபிக்கவில்லை. கூண்டை நகர்த்தினால் பழைய எண்களோடு புதிய எண்களை ஒப்பிட முடியாது என்று பொறுமையாக விளக்கிவிட்டு, "பெட்டிய வேற சுவருக்கு மாத்த வேணாம், செலவு. ரெண்டு மணிக்கு முன்னாடி மட்டும் போடாம இருங்க. அது போதும்" என்றீர்கள். யாம் பன்னிருவரும் வாக்குக் கொடுத்தோம்.

அந்த வாக்கு ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மதிய உணவுக்குப் பின் யாரோ பொத்தானை அழுத்தினார்கள், யாரும் தடுக்கவில்லை. திங்களும் வியாழனும் தங்களுக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை; கூண்டருகே தாங்களே வந்து நிற்பீர்கள். ஆகவே அந்த இரண்டு நாள்களில் யாம் யோக்கியர்கள். செவ்வாய், புதன், வெள்ளிகளில் தாங்கள் மேல்மாடியில் பாடம் நடத்துவீர்கள். குறிப்பெடுக்க ஒரு மாணவி மட்டும் வருவாள். யாம் குளிர்காய்ந்தோம் என்று சொல்ல முடியாது, குளிர்ந்து கிடந்தோம். எப்போதேனும் முன்னறிவிப்பின்றித் தாங்கள் படியிறங்கினால், ஜன்னலோரக் கணக்காசிரியர் "மழை வருது" என்பார். உடனே ஏசி நிற்கும். ஒருநாள் அந்தச் சொல் தங்கள் காதில் விழுந்துவிட்டது. வாசலிலேயே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, "மேகமே இல்லையே சார்" என்றீர்கள். தாங்கள் போன பிறகு யாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பு எம் காதிலேயே நாராசமாய் விழுகிறது.

அந்த மாணவியைச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவளுக்கு முக்காலி என்று பட்டப்பெயர். குள்ளமான பிள்ளை, வெப்பமானியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்காவிட்டால் அரைப் பாகை பிசகும் என்று தாங்கள் சொன்னதற்காக, ஆய்வகத்து முக்காலியைத் தினமும் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் ஏறி நின்று படித்தவள். அரைப் பாகைக்காக முக்காலி சுமந்த பிள்ளை மூன்று பாகையைக் கற்பனையில் எழுதுவாளா? இந்தக் கேள்வி பன்னிரண்டு பட்டதாரிகளில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டோம் என்பதே சரி.

கண்டுபிடித்தவர்கள் மலைநகரத்துப் பிள்ளைகள். எங்கோ குளிரில் உட்கார்ந்து நம் எண்களை வரிசைப்படுத்திப் பார்த்து, "உங்கள் ஊரில் வெயில் பள்ளிக்கூட அட்டவணையைப் பார்த்துத்தான் அடிக்குமா? வாரத்தில் மூன்று நாள் மட்டும் மூன்று பாகை ஏறுகிறதே!" என்று கேலியாக எழுதியிருந்தார்கள். தாங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தீர்கள். அன்று வியாழன், ஏசி ஓடவில்லை. அவள் தயங்காமல் சொன்னாள்: "நான் வர்றப்ப ஏசி ஓடுது டீச்சர். ஓடுறப்பதான் ஏறுது."

தாங்கள் எம் பக்கம் திரும்பி, "சார், ரெண்டு மணிக்கு முன்னாடி போடுறீங்களா?" என்று கேட்டீர்கள். கேட்டதில் ஐயம் இல்லை; எம் பெயரைக் காக்கவே கேட்டீர்கள்.

"இல்லையே டீச்சர்."

இங்கே இந்த மடலில் ஒரு திருத்தம். இதுவரை 'யாம்', 'யாம்' என்று எழுதிவந்தேன். கம்பீரமாக இருக்கிறது, குற்றமும் பன்னிரண்டு பங்காகிக் கனம் குறைகிறது. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குப் பன்னிரண்டு வாய் தேவைப்படவில்லை. அது என் வாய். ஏசிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி என்னுடையது. நாக்குக் கூசாமல் சொன்னேன்; சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தும் வைத்தேன். மற்றப் பதினொருவரும் விடைத்தாளைத் திருத்துவது போலக் குனிந்துகொண்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது பழமொழி. அன்று இரண்டுக்கும் இடையே ஒரு மேசை அகலம்தான் இருந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் தங்கள் நேர்மையால் நடந்தது, அதுதான் எம்மைக் கொல்கிறது. எம் சொல்லை நம்பி, அவள் இட்டுக்கட்டி எழுதினாள் என்று கொண்டு, அந்த ஆண்டின் எண்கள் அனைத்தையும் சிவப்பு மையால் அடித்தீர்கள். நான்கு பள்ளிகளுக்கும் வருத்தம் தெரிவித்து எழுதினீர்கள். கூண்டுக்குப் பூட்டுப் போட்டு, வலிக்கும் முழங்காலோடு இரண்டாண்டுகளாய் நாளுக்கு இருமுறை தாங்களே படியிறங்கி வந்தீர்கள். தினமும் ஒன்றே முக்காலுக்கு "மழை வருது" என்ற குரல் கேட்கும், ஏசி நிற்கும். எண்கள் ஒழுங்காயின. ஒழுங்கானதாலேயே அவள் பொய்க்காரி என்று உறுதியாயிற்று. அந்தப் பிள்ளை இப்போது பதினோராம் வகுப்பு. அறிவியல் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போக வடபுறம்தான் குறுக்குவழி; அவள் மைதானத்தைச் சுற்றிப் போவதை ஜன்னல் வழியே இரண்டாண்டுகளாகப் பார்த்துவருகிறோம்.

சென்ற வாரம், மடலோடு மேடையில் வாசிக்கத் தங்கள் சாதனைகளைத் திரட்ட வேண்டும் என்று மேல்மாடி அலமாரியைத் திறந்தேன். அடித்த ஏட்டையும் தாங்கள் எறியாமல் வைத்திருந்தீர்கள். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் அவள் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. சில எண்களின் ஓரத்தில் பென்சிலால் சிறு வட்டம். பதினெட்டு வாரங்களில் ஐம்பத்து மூன்று வட்டங்கள், எல்லாம் செவ்வாய், புதன், வெள்ளி. ஒரேயொரு செவ்வாய்க்கு மட்டும் வட்டமில்லை. அன்று எண்ணும் ஏறவில்லை. பக்கத்தில் "கரண்ட் இல்லை" என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் குறியீட்டு விளக்கம்: வட்டம் என்றால் ஏசி ஓடுகிறது. காற்றையும் மேகத்தையும் குறிப்பது போல எம்மையும் குறித்து வைத்திருக்கிறாள், கோபமில்லாமல். தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன் என்பதைச் சட்டமிடப்படும் தாளில் எழுதலாமோ கூடாதோ, எழுதிவிட்டேன்.

ஏட்டைக் கீழே கொண்டுவந்து எல்லார் நடுவே வைத்தேன். "ஓய்வு பெறுற நாள்ல போய் அவங்க மனச நோகடிக்கணுமா?" என்றார் ஒருவர். நியாயம்தான். தங்களைக் காப்பது போல எம்மைக் காத்துக்கொள்ள அதைவிட நல்ல வாதம் கிடைக்காது. தனியே சொல்லிவிடலாம் என்றார் இன்னொருவர். அவளைப் பொய்க்காரி ஆக்கியது தனியே அல்ல, எல்லார் முன்னிலையிலும்தான் என்று கணக்காசிரியர் சொன்னார். அவளைக் கேட்டுக்கொண்டு விழாவிலேயே படிப்பது என்று முடிவாயிற்று.

அவளிடம் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இப்ப ஏன் சார் சொல்றீங்க?" என்றாள். இதையெல்லாம் விழாவில் படிக்கலாமா என்று கேட்டதற்கு, காலால் மண்ணைக் கீறிக்கொண்டே, "படிங்க. ஆனா டீச்சர் அன்னைக்கு என்னைச் சொன்னத மட்டும் படிக்காதீங்க சார். இது அவங்க நாள்" என்றாள். ஆகவே அந்தச் சொல் இந்த மடலில் இல்லை.

நேற்று மெக்கானிக் வந்து வெளிப்பெட்டியைக் கழற்றித் தெற்குச் சுவரில் மாட்டினார். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆயிற்று. "இத அன்னைக்கே இந்தப் பக்கம் வெச்சிருக்கலாமே சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். நான்கு நகரங்களுக்கும் பன்னிருவர் கையொப்பத்தோடு கடிதம் போயிருக்கிறது: அந்த ஆண்டில் விலக்க வேண்டியவை ஐம்பத்து மூன்று எண்கள் மட்டுமே, மற்றவை பிழையற்றவை, அதைக் காட்டித் தந்தவை குறிப்பாளரின் வட்டங்களே என்று.

அம்மையே! எம் சொல்லை நம்பியதைத் தவிரத் தாங்கள் இப்பள்ளியில் பிழையொன்றும் செய்தீரில்லை. நலமெலாம் பெற்று, நோயின்றி, முழங்கால் வலி தீர்ந்து, தாங்கள் விரும்பும் நகரங்களின் மழையையெல்லாம் நேரில் நனைந்து பார்த்து நூறாண்டு வாழ்க என வாழ்த்துகிறோம். மன்னிப்பைக் கேட்டுப் பெற எமக்கு வாயில்லை; கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இன்று புதன்கிழமை. கூட்டம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே முடிவதாகத் திட்டமிட்டோம். வடபுறத்தில், கூண்டருகே, முக்காலியைக் கீழே வைத்துவிட்டு அவள் நிற்கிறாள். இப்போது வளர்ந்துவிட்டாள், முக்காலி தேவைப்படாது. ஆனாலும் எடுத்து வந்திருக்கிறாள். கூண்டு பூட்டியிருக்கிறது. சாவி தங்களிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
ஏசி ஓடியதை அறிந்தும் குனிந்திருந்த ஆசிரியர் பதினொருவர்,
"இல்லையே" என்று சொன்ன தமிழாசிரியர்.