அஞ்சு மணி வரைக்கும்தான்

நேடின்: ...அந்தப் படம் பாக்கற விளக்குப் பலகைய அணைக்காதீங்க டாக்டர். ஒரு படம் பாக்கி.

ஹாஸ்கெட்: இன்னுமா? நாளைக்கு மார்பகப் படம் எடுக்கற மெஷினையே கழட்டிட்டுப் போறாங்க, நீ விடமாட்டியே!

நேடின்: யாராவது கேஸ் போட்டா உங்களக் காப்பாத்துற காப்பீடு, இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்குல்ல? இப்ப நாலே கால்தான்.

ஹாஸ்கெட்: ம்... இருக்கு, இருக்கு.

நேடின்: ஞாபகம் இருக்கா... அக்டோபர் முதல் வெள்ளின்னா தையல் சங்கத்துக்காரிங்க பன்னெண்டு பேரும் ஒரே வேன்ல வந்து இறங்குவாங்க...

ஹாஸ்கெட்: ஆப்பிள் பையோட! மார்ப வைக்கிற தட்டு மேல நீ வெந்நீர்ப் பை வச்சுச் சூடாக்குவ. இல்லன்னா அந்த வெல்டா போடற கூச்சல்... அப்பப்பா!

நேடின்: இனிமே வெல்டா கொலம்பஸ் போகணும். ரெண்டு மணி நேரப் பயணம், நாலு மாசக் காத்திருப்பு. போவாளா? மாட்டா.

ஹாஸ்கெட்: நான் என்ன பண்ணட்டும்? ஒரு படத்துக்கு அரசாங்க மெடிகேர் குடுக்கறது ஃபிலிமுக்கே காணல. ஒரே ஒரு கேஸ்... கட்டி எங்கண்ணுக்குத் தப்பிடுச்சுன்னு. என்மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனாலும் காப்பீட்டுக்காரன் மூணு மடங்கு பணம் கேக்கறான், அதான் மூடறேன்.

நேடின்: உங்கள யாரு குத்தம் சொன்னா? ...இந்தாங்க. இர்மா டன்லப்.

ஹாஸ்கெட்: இர்மாவா? அவதான் மகளோட ஃப்ளோரிடா போயிட்டாளே.

நேடின்: தி... திரும்பி வந்திருக்கா. ரொம்ப ஆள் தெரிஞ்ச மாதிரி பேசறீங்க! மளிகைக் கடையில என்னையே பாத்து, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே"ன்னவர் நீங்க.

ஹாஸ்கெட்: தொப்பி போட்டிருந்த தாயே! எனக்கு முகம் நிக்காது. படம் மட்டும் மறக்காது... மாட்டு.

நேடின்: மாட்டியாச்சு. பாருங்க டாக்டர்.

ஹாஸ்கெட்: கட்டிய இர்மா எப்பக் கவனிச்சாளாம்?

நேடின்: கோடையில... மத்தவங்க படமெல்லாம் எடுத்து முடிச்சுடலாம்னு தள்ளிப் போட்டுட்டா.

ஹாஸ்கெட்: மத்தவங்க படத்த... இர்மா எடுத்தாளா?

நேடின்: ...என் பேரப் பாத்தா நீங்க பதறிடுவீங்கன்னுதான் இர்மா பேரப் போட்டேன், டாக்டர்.

ஹாஸ்கெட்: உன் படத்துல இந்தக் கடுகளவு புள்ளியப் பதினெட்டு வருஷமா பாத்துட்டு வரேன் நேடின். பக்கத்துல இருக்கற கட்டிதான் புதுசு. கொலம்பஸ்ல என் டாக்டர் சிநேகிதன்கிட்டச் சொல்லியாச்சு. திங்கக்கிழமை முதல் ஆள் நீதான். வண்டி நான் ஓட்டறேன்.

நேடின்: சொல்லியாச்சா? இப்பத்தானே படத்தையே பாத்தீங்க!

ஹாஸ்கெட்: கொஞ்ச நாளாவே உன் கை அடிக்கடி இடது மார்புப் பக்கமே போச்சு. கேட்டா சிரிச்சு மழுப்புவ... காப்பீடு போன வெள்ளியே முடிஞ்சு போச்சு. உன் படத்த எப்ப மாட்டுவன்னுதான் அப்புறமும் தினம் வந்து உக்காந்திருந்தேன்.