இடைப்பட்ட செடிகள்

மெரில் ஹாஸ்கெல் கட்டிக்கொண்டு வரும் சாண்ட்விச்சில் கடுகு விழுது எப்போதும் ஒரு கரண்டி அதிகம். பதினாறு வருடம் தின்றும் நான் குறை சொன்னதில்லை. எங்களுக்குள் மனத்தாங்கல் இருந்ததா என்று விசாரணையில் கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

அவன் ஓய்வுபெற்ற தபால்காரன். நான் ஓய்வுபெற்ற பல் மருத்துவன், வெர்னான் ஸ்டிக்னி. இருவரும் ஊர்த் தாவரச் சங்கத்தில் இருந்தோம். மொத்தம் பதினொரு உறுப்பினர்கள், அதில் ஒன்பது பேர் துணைத் தலைவர்கள்.

கலிபோர்னியாவில் எங்கள் சோனோமா கடலோரப் பாறைகளில் லார்க்ஸ்பர் என்ற நீலப் பூச்செடி பூக்கிறது. வடக்குப் பாறையில் இருந்ததை நான் கண்டுபிடித்தேன். தெற்குப் பாறையில் இருந்ததை அவன். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸில் பார்த்தால், வடக்குச் செடியின் பூக்காம்பில் வளைந்த வெள்ளை முடி. தெற்குச் செடியில் பிசுபிசுப்பான மஞ்சள் முடி.

கண்டுபிடித்தவன் தன் பெயரையே பூவுக்குச் சூட்டிக்கொள்வது எங்களிடையே அநாகரிகம். ஆகவே நாகரிகமாக நடந்துகொண்டோம். என் பூவுக்கு நான் அவன் பெயரை வைத்தேன். அவன் பூவுக்கு அவன் என் பெயரை வைத்தான். நான் ஒரே வாரத்தில் எழுதி அச்சேற்றினேன். அவன் ஏழு மாதம் எடுத்துக்கொண்டான். அப்போது அதைப் பொறுப்புணர்ச்சி என்று நினைத்தேன். ஆனால் இரண்டு பூவும் ஒரே இனம் என்று ஆகிவிட்டால், முதலில் அச்சேறிய அவன் பெயர் நிற்கும், பிந்திய என் பெயர் செத்துப்போகும். தபால்காரனுக்குத் தேதியின் அருமை தெரியாதா?

அந்த நிலம் பால்பண்ணைக்காரி லூசியா ரெஸ்பினியுடையது. லார்க்ஸ்பர் மாட்டுக்கு விஷம். எங்களைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன பல்லு டாக்டரே, இன்னைக்கு எத்தனை முடி எண்ணுனீங்க? என் மாட்டைக் கேளுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுச் சாகும்.”

நானும் சிரித்தேன். மெரில் சற்று அதிக நேரம் சிரித்தான். அதன்பின் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். இரு பாறைகளுக்கும் நடுவே இருந்த பள்ளத்துக்குத் தனியாகப் போனான். நான் வந்தால் குறிப்பேட்டை மூடினான்.

பள்ளத்தில் என்ன இருந்தது என்று எனக்கு முன்பே தெரியும். ஒரே காம்பில் இரண்டு முடியும் கொண்ட, இரண்டும் ஒரே இனம்தான் என்று காட்டிக்கொடுக்கும் இடைப்பட்ட செடிகள். அவற்றை இரண்டு வசந்தமாக, விதை முற்றும் முன், வேரோடு எடுத்துவந்தேன். முப்பத்தொன்று. களை எடுப்பது போலத்தான். வேலிக்கு அந்தப் பக்கம், மேய்ச்சல் நிலத்தில் போட்டேன். அந்த மாதங்களில் லூசியாவின் மூன்று பசுக்கள் செத்தது வேறு விஷயம்.

ஒன்று மிஞ்சிவிட்டது. கடலுக்கு மேலே, பாறைத் திட்டில். கைக்கெட்டாத இடம். மெரில் அதைப் பைனாகுலரில் பார்த்துவிட்டான். சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் காட்டப்போவதாகச் சொன்னான். வேலிக் கம்பத்தில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினான். மேலே நான் நின்றேன். வேறு யாரை அவன் நம்புவான்?

திட்டில் கால் ஊன்றி லென்ஸை எடுத்தான். காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வெர்னான், ரெண்டு முடியும் ஒரே காம்புல இருக்குப்பா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன். உன் பேரு போச்சுடா. பரவாயில்ல, என் பேருக்குள்ள நீயும் ஒண்டிக்கோ. வாடகை கேக்க மாட்டேன்.”

கேலிதான். அவன் குரலில் வன்மம் இல்லை என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அவன் திட்டில் நின்றதால் கயிறு தொய்ந்திருந்தது. கம்பத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். சுருக்கு இளகப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு. பிறகு கயிற்றைக் கம்பத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வைத்து, “சரி, ஏறி வா” என்றேன்.

செடியும் அவனோடே கடலுக்குள் போயிற்று. இப்போது இரண்டு இனங்களும் ஐயத்துக்கு இடமில்லாமல் வேறு வேறு.

உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. ‘கயிற்றை அறுத்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவிழ்த்தேன். நுனியை லென்ஸில் பாருங்கள், ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொலை என்பார்கள்.