இஸ்திரி போட்ட கோடு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் அவர்களே, என் வழுக்கையைப் பொறுத்துக்கொண்டு இன்றும் என்னைத் 'தம்பி' என்றழைக்கும் மூத்தோரே, குழந்தைகளை மடியில் உறங்கவைத்துவிட்டுக் காதுகொடுக்கும் தாய்மார்களே, பழைய கணக்கீட்டுப் பிரிவின் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன! அந்த அறையை எப்படி மறப்பேன்? ஆறு மேசை, ஒரே கணினி. குளிரூட்டி கணினிக்கு, எங்களுக்கு மின்விசிறி. சிரிக்கிறீர்கள், வியர்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்த மை வாசனைக்கு இன்றும் மனம் ஏங்குகிறது. நிலத்தைக் கணினியில் முக்கோணங்களாகப் பிரிப்போம். முனைக்கு முனை நிலத்தடி நீரில் எவ்வளவு உப்பு என்று கணக்கிடுவோம். ஆலைக் கழிவுக்குட்டையின் உப்பு, குடியிருப்பின் புதுக் கிணற்றைத் தொடுமா, தொடாதா? அதுதான் எங்களிடம் வந்த கேள்வி.

விடையாக, குட்டை முதல் கிணறு வரை உப்பின் அளவைக் காட்டும் ஒரு கோடு வந்தது. கோடா அது? ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஓரிடத்தில் சுழியத்துக்குக் கீழேயும் போனது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கோடு ஆடினால், வளையும் அடிக்கோலை வைத்து வழவழவென்று வரைந்து மேலே அனுப்புவோம். அதற்கு 'இஸ்திரி போடுவது' என்று பெயர்.

வரைபடம் போடும் பெண்ணிடம், "இதுக்கு இஸ்திரி போட்டுக் குடும்மா" என்றேன். 'சல்லடை' என்போம் அவரை. எதையும் சலிக்காமல் விடமாட்டார்.

"மாட்டேன் சார். உப்பு எங்கயாவது ஒண்ணுமில்லாததுக்கும் கீழ போகுமா? கிணத்துக்கிட்ட உப்பு திடீர்னு ஏறுது. நம்ம முக்கோணம் பெருசா இருக்கு, அதால பிடிக்க முடியல. அதான் கோடு உதறுது."

"திங்கக்கிழமை கிணறு திறக்கறாங்க, நீ வேற."

"அதனாலதான் சார் சொல்றேன்."

கோபம் எனக்குத் தலைக்கேறியது. நானே இஸ்திரி போட்டேன்; கிணற்றுக்கு வெகுதொலைவிலேயே உப்பு தேய்ந்து மறைந்தது. அவரோ என்னிடம் கேட்காமலே முக்கோணங்களைச் சிறிதாக்கி, இரண்டு நாள் கணினியை ஓடவிட்டு, சனிக்கிழமை என் மேசையில் தாளை விரித்தார். ஆட்டம் அடங்கியிருந்தது. கிணற்றுக்குப் பத்தே அடி தள்ளி உப்பு சுவர்போல் நின்றது. தண்ணீர் இறைத்தால் உள்ளே வந்துவிடும். நான் இஸ்திரி போட்டு மறைத்தது அந்தச் சுவரைத்தான்.

அவருடைய தாளையே மேலே அனுப்பினேன்; கிணறு திறக்கப்படவில்லை. குடியிருப்பின் பிள்ளைகள் பிழைத்தார்கள். அறிக்கையில் என் பெயர் மட்டும் இருந்தது. பாராட்டு எனக்கு, பதவி எனக்கு, இன்று இந்த விருதும் எனக்கு. அவருக்கு? கேட்காமல் கணினியைத் தொட்டதற்காக இடமாற்றம். அந்த உத்தரவில் கையெழுத்திட்டவன் நான். வாய் திறந்தேனா? இல்லை.

தலைவர் சீட்டு அனுப்புகிறார், நேரமாகிவிட்டதாம். ஆமாம் ஐயா, ரொம்பவே ஆகிவிட்டது.

நம் 'சல்லடை' இன்று வந்திருக்கிறார், கடைசி வரிசையில். அம்மா, இந்த விருதில் என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். உங்களை மேடைக்குக் கூப்பிட்டு இதைக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானே இறங்கி வருகிறேன். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள்.